முருங்கைமரத்துக் குடித்தனக்காரர்

கொம்பேறி மூக்கன் கடித்தால் அத்தோடு விடாது, மரத்தின் உச்சியில் ஏறி, கடிபட்டவனின் சிதைப்புகை எழும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கும் என்பார்கள். இதை நம்பி வளர்ந்தவன் நான். இப்போது அது எங்கள் வீட்டு முருங்கைமரத்திலேயே குடிவந்துவிட்டது. வாடகை கிடையாது, அட்வான்ஸும் கிடையாது.

யோசித்துப் பார்த்தால் அந்தக் கதையில் ஓர் ஓட்டை. நான் எரிந்து முடியும்வரை காத்திருக்கும் அளவுக்கு என் மேல் அக்கறையுள்ள சொந்தக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. பாம்புக்கு மட்டும் எங்கிருந்து வரும்? அதற்கு விஷமே இல்லை. மரம் ஏறுவது, அதன் வீடு அங்கே இருப்பதால்.

இந்த ஞானமெல்லாம் ஜன்னலுக்கு உள்ளே நின்று பெற்றது. கீரை பறிக்க என் மனைவிதான் போவாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு மேற்பார்வை. "நீங்க வெளியே வராதீங்க, பாவம், அது பயந்துக்கும்" என்கிறாள்.

ஆள் பார்க்க லட்சணம். விரல் தடிமன், ஒரு மீட்டருக்கு மேல் நீளம், முதுகு நெடுக வெண்கல நிறப் பட்டை. மிரண்டால் கழுத்தை உப்பும். அப்போது செதில்களுக்கு நடுவே இளநீலம் எட்டிப் பார்க்கும். வயிற்றுச் செதில்களின் இரு ஓரமும் மடிந்து விளிம்பு கட்டியிருப்பதால், செங்குத்தான மரத்தில்கூடப் பட்டையைப் பற்றிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிடும். நான் மாடிப்படி ஏறுவதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

ஒழுக்கத்திலும் என்னைவிட மேல். வெயில் ஏறியதும் வேலைக்குக் கிளம்பிவிடும்; பல்லி, ஓணான், தவளை எது கிடைத்தாலும் சரி. இருட்டினால் கிளையிலேயே சுருண்டு தூக்கம். சமையலறைப் பல்லிகளை ஒழிப்பதாக நான் கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்குறுதியை, அது கேட்காமலேயே வெளிச்சுவரில் நிறைவேற்றி வருகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் பூண்டு நசுக்கிப் போடச் சொன்னார். எனக்குப் பினாயிலில்தான் நம்பிக்கை. மரத்தைச் சுற்றி ஒரு பாட்டில் ஊற்றினேன். அது மேலே இருந்து தலையை நீட்டிப் பார்த்தது. புகைக்குத்தானோ என்று ஒரு கணம் வயிறு கலங்கியது உண்மை. மறுநாளும் அதே கிளையில் இருந்தது. பினாயில் வாசனை தாங்காமல் தலைவலியோடு படுத்தவன் நான்.

பயப்படத்தான் வேண்டும் என்றால் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இருக்கின்றன. 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுப்பதும் இந்த நான்கிடமிருந்துதான். கொம்பேறி மூக்கனுக்கு அங்கே வேலைக்கு மனுப்போடக்கூடத் தகுதி இல்லை.

ஆகவே, மரத்தில் ஒல்லியாக ஏதாவது ஓடினால் தடியைத் தேடாதீர்கள். இன்ன பாம்பென்று தெரியாமல் எது கடித்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அது மரத்தில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.