கடலில்லா நாட்டில் கப்பல் விடுதல்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

சேலம் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. நாமக்கல்லுக்கும் கிடையாது. சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டுமானால் சேலத்திலிருந்து ஏறத்தாழ 340 கிலோமீட்டர். இதை ஒரு குறையாகவே எல்லாரும் சொல்லி வந்திருக்கிறார்கள். உல்லாசக் கப்பல் பயணத்தைப் பற்றி நடுநிலையோடு எழுதும் தகுதி இந்தக் குறையால்தான் நமக்கு வாய்த்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கடலோரத்தாருக்குக் கடல் பிழைப்பு. பிழைப்பு நடக்கும் இடத்தில் எவருக்கும் உல்லாசம் தோன்றாது. லாரிப் பட்டறைக்காரர் ஞாயிற்றுக்கிழமை லாரியில் உலாப் போவதில்லை.

முதலில் வரையறை. உல்லாசக் கப்பலாவது, எங்கும் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து இறக்கும் கலம். 2022 ஜூன் 4ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ இதற்குச் சரியான சான்று. அவ்வாண்டு அதன் இரண்டு இரவுப் பயணத்தில் கப்பல் நடுக்கடல் வரை போய்விட்டுத் திரும்பியது. இந்த வரையறைப்படி பார்த்தால் எடப்பாடிக்கு அருகே பூலாம்பட்டியிலிருந்து காவிரியைக் கடந்து ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் விசைப்படகு உல்லாசக் கப்பல் ஆகாது. அது உண்மையிலேயே ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதில் ஆளோடு மோட்டார் சைக்கிளும் ஏறுகிறது. ஆனால் விடுமுறை நாட்களில் அக்கரைக்குப் போய், ஒரு வேலையும் இல்லாமல், அடுத்த படகில் திரும்பி, கரையில் மீன் வறுவல் தின்பவர்களைக் கணக்கில் எடுத்தால், வழக்காறு அதை உல்லாசக் கலமாக்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். இக்கட்டுரை இவ்விரு கலங்களையும் சமமாகவே நடத்தும்.

அந்தப் பெரிய கப்பலையே மேட்டூருக்குக் கொண்டுவந்தால் என்ன என்ற கேள்வியையும் ஆய்வு தவிர்க்கவில்லை. 1934இல் திறக்கப்பட்ட ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 120 அடி. எம்பிரஸ் மிதக்க முப்பது அடி தண்ணீர் தாராளம். அணையின் நீளம் ஏறத்தாழ 1,700 மீட்டர், கப்பலின் நீளம் ஏறத்தாழ 210 மீட்டர் என்பதால் அணையை ஒட்டி எட்டுக் கப்பல்களை வரிசையாக நிறுத்தலாம். சிக்கல் வரும் வழியில்தான் இருக்கிறது. கொள்ளிடம் வழியாக ஏறினால் கீழணை, முக்கொம்பு, மாயனூர் கதவணை, ஜேடர்பாளையம் அணைக்கட்டு, அதற்கு மேல் ஊராட்சிக்கோட்டை, கோனேரிப்பட்டி, நெரிஞ்சிப்பேட்டை, செக்கானூர் என்று ஒவ்வொன்றிலும் முட்டும்.

சாலை வழியே கொண்டுவரலாமா என்று லாரித் தொழிலில் ஊறிய நாமக்கல் மாமாவிடம் கேட்கப்பட்டது. “எடை எத்தன டன்னு, மாப்ளே? பிரிச்சுக் குடுத்தா டிரெய்லர்ல ஏத்திரலாம்” என்றார். மொத்த டன் 48,000க்கு மேல் என்றும், கப்பல் கணக்கில் அது எடையல்ல, உள்ளறைகளின் கொள்ளளவு என்றும் விளக்கியதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. கப்பல் 1990இல் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்டது என்ற செய்திதான் அவரை நிமிர வைத்தது. “முப்பத்திரண்டு வருசத்து வண்டிக்கு எஃப்.சி. குடுத்தாங்களா?” குடுத்தார்கள். கப்பலுக்கும் ஆண்டுதோறும் சோதனையும் சான்றிதழும் உண்டு. பயணிகள் இதை அறிந்திருப்பது நல்லது. எந்தக் கப்பலானாலும் அது எந்த ஆண்டு கட்டியது, கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று முன்பதிவுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். விளம்பரப் படத்தில் எல்லாக் கப்பலும் போன வாரம் கட்டியதாகத்தான் தெரியும்.

இனி முன்னோர் கூற்று. தொல்காப்பியர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று பொருளதிகாரத்தில் விதி செய்திருக்கிறார். இன்று எந்தக் கப்பல், எந்த அறை, எந்தத் தேதி என்று முடிவு செய்வது வீட்டுப் பெண்கள். ஆண்கள் கிரெடிட் கார்டு எண்ணை மட்டும் சொல்கிறார்கள். இதற்கு உரையாசிரியர்கள் எப்படி அமைதி கூறியிருப்பார்களோ!

மணிமேகலையில் வரும் ஆதிரையின் கணவன் சாதுவன் இத்துறைக்கு இன்னும் பயன்படுபவன். சூதில் பொருளை எல்லாம் தோற்றபின் அவன் கப்பலேறினான். இன்றைய பயணி கப்பலேறிய பிறகு தோற்கிறான், வேறுபாடு அவ்வளவுதான். கப்பலின் சூதாட்டக் கூடம் கரை தாண்டிப் போன பிறகே திறக்கும் என்பதையும், அது திறக்கும் நேரத்தில் உங்கள் வீட்டார் தூங்கப் போயிருப்பார்கள் என்பதையும் குறித்துக்கொள்க. சாதுவனின் கலம் உடைந்தது. ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றி நாகர் மலையில் ஒதுங்கியவன், அவர்கள் பேச்சு தெரிந்திருந்ததால் தின்னப்படாமல் தப்பினான். போகும் துறைமுகத்தின் மொழியில் நான்கு சொற்களாவது கற்றுவைக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு இதைவிட வலுவான சான்று உலக இலக்கியத்தில் இல்லை என்றே துணிந்து கூறலாம்.

சேலத்தார் கடல் கடப்பது இது முதல்முறையும் அன்று. 1860இல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்ட பிறகு தொடர்ந்த ஒப்பந்தக் கூலிக் கப்பல்களில் சேலம் மாவட்டத்தார் போயிருக்கிறார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலில் போனவர்களும் உண்டு. அவர்களுக்கு அறை கிடையாது. தளத்தில் பாய் விரித்த இடமே அறை. சீட்டில் திரும்பும் தேதி இருக்கவில்லை. உல்லாசம் என்ற சொல்லை இந்த வட்டாரத்தில் கப்பலோடு சேர்த்துச் சொல்ல நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆய்வாளன் இங்கே நகைச்சுவையை ஒரு பத்திக்கு ஒத்திவைக்கிறான்.

பருவம் பற்றி. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் குமுறும். அதனால்தான் மும்பையிலிருந்து ஓடும் எம்பிரஸ் அந்த மாதங்களில் சென்னைப் பக்கம் வந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் காலம். ஜனவரி, பிப்ரவரி அடங்கிய கடல். ஆனால் நீண்ட பள்ளி விடுமுறை அப்போது இல்லை. கடலுக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் ஒத்துப்போன ஆண்டு ஆய்வில் தென்படவில்லை.

கப்பல் புறப்படும் நாளிலேயே சேலத்திலிருந்து கிளம்பக் கூடாது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் சென்னையில் இறக்கிவிடும் என்பது உண்மைதான்; ஆனால் ரயில் தாமதமானால் அடுத்த ரயில் உண்டு, கப்பலுக்கு அடுத்த கப்பல் இல்லை. முந்தைய நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது. அட்டவணையில் அச்சிட்டிருக்கும் துறைமுகங்களை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதும் தவறு. 2022 ஜூனில் இதே எம்பிரஸுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. கப்பலின் சூதாட்டக் கூடம்தான் காரணம். புதுச்சேரியில் இறங்கி உறவினரைப் பார்க்கலாம் என்று பலகாரத்தோடு ஏறியவர் எவரேனும் இருந்தால், அந்தப் பலகாரத்தின் கதி தனி ஆய்வுக்குரியது.

அறைத் தேர்வில் நம்மவர்கள் பிறரைவிட முன்னேறியவர்கள். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஒருமுறை சங்ககிரி போனவருக்குக் கப்பலில் எங்கே படுக்க வேண்டும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. முனையிலும் கடைசியிலும் ஆட்டம் அதிகம். நடுவில், கீழ்த்தளங்களில் குறைவு. பால்கனி அறைதான் கௌரவம் என்று முகவர்கள் சொல்வார்கள். ஆனால் பால்கனிக்கு எதிரே தெரிவது தண்ணீர்; மேல்தளத்தில் இலவசமாகத் தெரிவதும் அதே தண்ணீர். ஜன்னலே இல்லாத உள்ளறை எடுத்து, மிச்சப் பணத்தைத் துறைமுகங்களில் செலவழிக்கலாம் என்பது இவ்வாய்வின் முடிபு. இருட்டறையில் காலை எட்டு மணி வரை தூங்கிவிடும் அபாயம் உண்டு. விடுமுறையில் அதை அபாயம் என்று ஏன் சொல்ல வேண்டும் என்பது வேறு கேள்வி.

கடல் மயக்கம் என்பது கண் சொல்வதும் காதின் உட்பகுதி சொல்வதும் ஒத்துப்போகாததால் வரும் குழப்பம். கண் அறைச் சுவரைப் பார்த்து ‘அசையவில்லை’ என்கிறது. காது ‘அசைகிறது’ என்கிறது. வயிறு நடுவராக வந்து தீர்ப்பளிக்கிறது. மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் சமாதானமாகும். வெறும் வயிறும் ஆகாது, நிரம்பிய வயிறும் ஆகாது. இஞ்சி பலருக்கு உதவுகிறது. மருத்துவர் தரும் மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போடுவதில் பயன் குறைவு, முன்பே போட வேண்டும். இதற்கான தகுதித் தேர்வு நம் பகுதியிலேயே இருக்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் ஏறி, வாசலூர்பட்டிப் படகு இல்லத்தில் இறங்கி, உடனே படகிலும் ஏறக்கூடியவர் எந்தக் கடலுக்கும் அஞ்ச வேண்டாம். ஏற்காட்டு ஏரி இதற்கு ஒப்பாகாது: வளைவுகள் 20தான். மேலும் மிதிபடகில் இருவர் மிதிக்க வேண்டிய இடத்தில் ஒருவரே மிதிப்பதால் கிளம்பும் சிக்கல் வயிற்றைச் சார்ந்ததல்ல, குடும்பத்தைச் சார்ந்தது.

மூட்டை முடிச்சு. இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில் போன்றவற்றைப் பெரும்பாலான கப்பல்களில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்; நடுக்கடலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை. வீட்டில் சமைத்ததும் உள்ளே போகாது. பாக்கெட்டில் அடைத்த தட்டுவடை போகலாம். ஆனால் தட்டுவடை மட்டும் போனால் அது தட்டுவடை செட் ஆகுமா? இரண்டு சட்னியும், துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் இல்லாமல் சேலத்தான் அதை ஏற்றுக்கொள்ள மாட்டான். பெரிய பைகளை வாங்கி அறைக்கு அனுப்பப் பல மணி நேரம் ஆகும் என்பதால் மருந்து, அடையாள அட்டை, ஒரு மாற்றுத் துணி ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தவிர்க்கவே கூடாது. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலிக் கடலோரத்தில் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்கு அப்பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை; 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. அதன்பின் விதியை மாற்றி, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்றார்கள். பூலாம்பட்டிக்கும் இதுவே பொருந்தும். உயிர்காப்பு உடையைத் தோளில் தொங்கவிட்டுச் செல்ஃபி எடுப்பவர்களைக் காண்கிறோம். அந்த உடை வாரைப் பூட்டினால்தான் உயிரைக் காக்கும்.

உணவு பற்றிய பகுதியை எழுதத்தான் ஆய்வாளன் இவ்வளவு தூரம் வந்தான். நம் பந்தியில் இலைக்கு எதிரே ஒருவர் வாளியோடு நிற்கிறார். அவரிடம் ‘போதுங்க’ என்கிறோம். அவர் இன்னும் ஒரு கரண்டி வைக்கிறார். இலையை மறைத்துக் குனிகிறோம். இந்தப் போராட்டத்தில்தான் நம் வயிற்றின் அளவு காலங்காலமாகக் காக்கப்பட்டு வந்திருக்கிறது. கப்பலின் பஃபேயில் ‘போதும்’ சொல்ல எதிரே ஆளே இல்லை. மறுப்பதற்கு ஆள் இல்லாததால் மறுப்பும் எழுவதில்லை. காசு கொடுத்தாயிற்று என்ற எண்ணம் வேறு. கோழிப்பண்ணை வைத்திருப்பவர் கப்பலில் நான்கு முட்டை எடுத்து ‘நம்ம நாமக்கல் முட்டையாட்ட இல்ல’ என்று தின்று முடிப்பதும் இந்தக் காரணத்தால்தான். ஒரே ஒரு வழி உண்டு: முதல் சுற்றில் தட்டை எடுக்காமல் எல்லா மேசைகளையும் நடந்து பார்த்துவிட வேண்டும். அசல் விருந்து மேசையில் உட்கார்ந்து பரிமாறப்படும் பெரிய உணவறையில் இருக்கிறது. கூட்டமோ பஃபேயில் இருக்கிறது. சைவம், சமணர் உணவு வேண்டுவோர் பதிவின்போதே சொல்லிவிடுவது நலம்.

கைபேசியை ஏறியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகப் பிடித்து, ஊர் திரும்பியபின் பில் பேசும். டிக்கெட்டில் அடங்காதவை எவை என்று முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பானங்கள், இணையம், துறைமுகச் சுற்றுலா, பணியாளர் அன்பளிப்பு, வரி. துறைமுகத்தில் இறங்கினால் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்புங்கள். பூலாம்பட்டிப் படகோட்டி ‘ஓடியாங்க, ஓடியாங்க’ என்று கைகாட்டிக் காத்திருப்பார். கப்பல் காத்திருக்காது.

துறைமுகச் சுற்றுலாவுக்கு நம் பக்கத்து நிகர், மேட்டூர் நீர்த்தேக்கக் கரையிலுள்ள பண்ணவாடி. மேட்டூர் அணை கட்டியபோது முழுகிப்போன ஊர்களின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும், நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது வெளியே தெரியும். அதாவது, படகு விட வசதி குறைந்த ஆண்டில்தான் பார்க்க ஏதாவது கிடைக்கிறது. தண்ணீர் நிறைந்த ஆண்டில் படகு நன்றாக ஓடும், பார்க்கத் தண்ணீர் மட்டும்தான் இருக்கும். உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் இந்த முரணை இன்னும் தீர்த்தபாடில்லை.

தீர்ப்பு இதுதான். நான்கு நாள் விடுப்பும், கையில் கொஞ்சம் பணமும், சும்மா இருக்கும் திறனும் உள்ளவர்கள் சென்னைக்குப் போகலாம். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இரண்டாம் நாளே மேல்தளத்தில் நின்று பண்ணைக்கும் பட்டறைக்கும் சிக்னல் தேடுவார்கள். அவர்களுக்கு அரை நாள் பூலாம்பட்டி போதும். அங்கும் ஒரு நிபந்தனை உண்டு. மேட்டூரிலிருந்து உபரி நீரை அதிகம் திறந்துவிட்டால் படகை நிறுத்திவிடுவார்கள். அணையின் நீர்திறப்பு எவ்வளவு என்று அன்றைய செய்தித்தாளில் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள்.