பியூஸ் பிடுங்கிகள்

1773 டிசம்பர் 16 இரவு அமெரிக்கக் குடியேற்றத்தார் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். எங்கள் பிரதிநிதி இல்லாத லண்டன் சபை எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்று ஆத்திரம். பொறுமை கெட்ட ஜனங்கள்! விருத்தாசலத்தில் பிறந்திருந்தால் வரியைக் கட்டி, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அதே தேயிலையில் டீ போட்டுக் குடித்திருப்பார்கள். செராமிக் ஊர், கோப்பைக்கா பஞ்சம்?

2016 அக்டோபரில் விருத்தாசலம் நகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த வாக்குப்பதிவு 2022 பிப்ரவரி 19. இடையில் ஐந்தாண்டுக்கு மேல் கவுன்சிலர் என்று ஒரு ஜீவன் கிடையாது. தனி அலுவலர் இருந்தார். தெருச் சாக்கடைதான் அனாதை, சொத்து வரி அல்ல. 2018இல் அதை உயர்த்தவும் செய்தார்கள். 2019 நவம்பரில் ஊராட்சித் தேர்தல் வாடை அடித்ததும் உயர்வை நிறுத்திவைத்தார்கள். ஆளப்படுபவர் சம்மதத்தில்தான் ஆட்சி என்று 1776இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் ஜெபர்சன் எழுதினார். நம்மவர்களுக்கு அந்தச் சம்மதம் ஓட்டுக் கேட்கும் மாதத்தில்தான் ஞாபகம் வரும்.

ஜெபர்சனும் யோக்கியர் இல்லை. எல்லோரும் சமம் என்று எழுதியவர், வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தார். ஆனாலும் நம் சாமர்த்தியம் அவருக்கு வராது. 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் செய்தோம். அதே ஆண்டு தேர்தலே நடக்காமல் பார்த்துக்கொண்டோம். பூஜ்யத்தில் சரிபாதி. கணக்கில் பிழை காட்டுங்கள் பார்க்கலாம்.

ஆள்பவர்கள் தேவதைகள் அல்ல, ஒரு அதிகாரத்தை இன்னொன்று தடுக்கட்டும் என்றார் அமெரிக்க அரசியல் சாசனம் வகுத்த மேடிசன். விருத்தாசலத்துச் சூளையில் வெந்து வரும் பியூஸ் கட்டைக்கும் அதே வேலைதான். நம் அரசியல் சாசனத்தின் 243-யு பிரிவு அப்படி மாட்டிய பியூஸ்: ஐந்தாண்டு முடியுமுன் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும். கோட்டைக்காரர்கள் அதைப் பிடுங்கி எறிந்து, கம்பியை நேராக முறுக்கிவிட்டார்கள்.

காரணமா? இடஒதுக்கீடு, வார்டு மறுவரையறை, வழக்கு, கொரோனா. அன்று ஆண்டது அதிமுக. தேர்தல் எங்கே என்று கேட்டுத் தொண்டை கட்டிய திமுக பிறகு கோட்டைக்கு வந்தது. 2025 ஜனவரியில் கடலூர் மாவட்ட ஊராட்சிகளின் காலம் முடிந்தது. விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு வந்து சேர்ந்தவர் யார்? அதே தனி அலுவலர்.

மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குத்தான் மூளை போதவில்லை. தன் கவர்னர்களுக்குத் தனி அலுவலர் என்று பெயர் வைத்து, ஆறு மாதத்துக்கொரு முறை பதவியை நீட்டி, தேர்தல் விரைவில் என்று அறிக்கை விட்டிருந்தால், அமெரிக்கா இன்றும் லண்டனுக்கு வரி கட்டிக்கொண்டிருக்கும்.