மழைநீரின் மனு

அனுப்புநர்: மழைநீர், நிரந்தர முகவரி: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், தென்சென்னை.

பெறுநர்: நகர வளர்ச்சிக்கு அனுமதி வழங்கும் அனைத்துத் துறை உயர் அலுவலர்கள், சென்னை.

பொருள்: சொந்த இடத்தில் தங்க ஆட்சேபணை இல்லாச் சான்று கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. 2015 டிசம்பரில் நேரில் அளித்த மனு. 2. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வழியாக அனுப்பிய நினைவூட்டு.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆதம்பாக்கத்திலிருந்து வீராங்கல் ஓடையில் இறங்கியும், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் நிரம்பி வழிந்தும் பள்ளிக்கரணைக்கு வருவேன். சில காலம் தங்குவேன். மண்ணுக்குள் இறங்கியது போக மிச்சம் ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கோவளத்தில் கடல் சேரும். இது பரம்பரை வழக்கம். 1960களில் என் வீடு 5,000 ஹெக்டேருக்கும் மேல். பட்டா கிடையாது, அனுபோக பாத்தியதை மட்டுமே. கோடையில் நான் சுருங்கிக் கிடந்ததைப் பார்த்துத் தாங்கள் காலி மனை என்று நினைத்ததில் வியப்பில்லை.

அந்த மனையைத் தாங்கள் வீணாக்கவும் இல்லை. பெருங்குடியில் ஊர்க் குப்பையையெல்லாம் கொட்டி, சதுப்புக்குள் ஒரு மலையே எழுப்பித் தந்தீர்கள். தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு இங்கேயே இடம் கொடுத்தீர்கள். தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்துக்கும் கொடுத்தீர்கள். கடலுக்கு அலுவலகம் ஆயிற்று, காற்றுக்கு அலுவலகம் ஆயிற்று. மழைக்குத்தான் நிற்க இடமில்லை.

நல்லதும் செய்தீர்கள், மறைக்கக் கூடாது. 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு ஆக்கினீர்கள். 2022-ல் 1,248 ஹெக்டேர் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. பூநாரைகளுக்கும் தாழைக்கோழிகளுக்கும் பரம திருப்தி. ஆனால் எல்லைக்கல்லைப் படித்துவிட்டு நிற்கும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. சுற்றிலும் சாலையையும் மனையையும் மேடாக்கினால், பள்ளமாக மிஞ்சிய தெருவுக்குள்தான் நுழைவேன். வேளச்சேரிக்காரர்களுக்கு இது தெரியும். 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தின் ஓரத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு, கதவு பூட்டியதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்தார்கள். காருக்காவது மேட்டு நிலம் கிடைத்தது.

கார் இல்லாதவர்கள் விஷயத்தில்தான் தங்கள் சாமர்த்தியத்தை வியக்கிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அப்புறப்படுத்தினீர்கள். கொண்டுபோய் வைத்த இடம் பெரும்பாக்கம். அது என் வாசல் திண்ணை. வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கடனுக்குச் சாமான் தரும் மளிகைக் கடை எல்லாம் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. வெள்ளம் மட்டும் விசுவாசமாகக் கூடவே போயிற்று. லிஃப்ட் நின்ற எட்டு மாடிக் கட்டடத்தில் தண்ணீர்க் குடத்தோடு படியேறும் பெண்ணுக்கு, கீழே என்னைப் பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை.

வளர்கிற நாட்டுக்கு ஆயிரம் அவசரம் இருக்கும். பாலம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம். வடிகால் கட்டினால் கணக்குக் காட்டலாம். அது என்னைத் தெருவிலிருந்து வேகமாக இழுத்து வந்து, இடமில்லாத வீட்டின் வாசலில் விட்டாலும் கணக்கு கணக்குதான். சும்மா விட்ட நிலத்தில் எங்கே ரிப்பன் வெட்டுவது? தங்கள் தர்மசங்கடம் புரிகிறது.

ஆகவே, போனதைத் திருப்பிக் கேட்கவில்லை. கோரிக்கைகள் மூன்றே:

1. மிச்சமுள்ள இடத்தில் இனி ஒரு லோடு மண்ணும் கொட்ட வேண்டாம்.

2. ஏரிகளிலிருந்து வரும் ஓடைகளை ஆக்கிரமிப்பின்றி விட வேண்டும். வெளியேறும் வாசலான ஒக்கியம் மடுவை அகலமாக வைக்க வேண்டும்.

3. அடுத்த முறை ஏழைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும்போது, அந்த இடம் என்னுடையதா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இயலாது என்றால் எழுத்து மூலம் தெரிவிக்கவும். வடகிழக்குப் பருவமழையின்போது நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன். தங்கள் அலுவலகம் எந்தத் தளத்தில் என்று குறிப்பிட்டால் நலம்; தரைத்தளமானால் எனக்கு வசதி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மழைநீர்