வயது சரியில்லை, தாயே!

ஒரு பெண் எந்த வயதில் தாயாகலாம்? நாட்டில் எல்லோரிடமும் பதில் இருக்கிறது. பெறப்போகிறவளை மட்டும் யாரும் கேட்பதில்லை.

2023 ஜனவரியில் அசாம் முதல்வர் ஹிமந்த பிஸ்வ சர்மா தாய்மைக்கு ஏற்ற வயதை அறிவித்தார்: 22 முதல் 30 வரை. தொழிலால் அவர் வழக்கறிஞர். அடுத்த மாதமே குழந்தைத் திருமண வழக்கில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் புருஷனையும் அப்பனையும் பிடித்துப்போவார்கள் என்று கர்ப்பிணிச் சிறுமிகள் வீட்டுக்குள் பதுங்கினார்கள். காப்பாற்ற வந்த சட்டத்துக்குப் பயந்து ஒளிந்தவள், அது யாரைக் காக்க வந்ததோ அவளேதான்.

நம் ஊர் மட்டும் குறைச்சலா? 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழா. வாழ்த்த வந்த முதல்வர் மு.க. ஸ்டாலின் மணமக்களை உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொன்னார். காரணம், தொகுதி மறுவரையறை. மக்கள்தொகை குறைந்தால் எம்.பி. சீட் குறையுமாம். ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று சுவரெல்லாம் எழுதி, முகாம் போட்டுக் கருத்தடை செய்துவிட்டார்கள். இனி நாடாளுமன்றத்துக்கும் சேர்த்துப் பெற வேண்டும். மசக்கை அவளுக்கு, சீட் அவர்களுக்கு.

மேடையில் யாரும் வயது கேட்பதில்லை. பணம் தரும் இடத்தில்தான் கேட்பார்கள். பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். வாங்குபவளுக்கு 18 வயது 7 மாதம் ஆகியிருக்க வேண்டும். அந்த ஏழு மாதக் கணக்கைப் போட்ட மூளைக்குக் கோயில் கட்டலாம். மேல் வரம்பு எவ்வளவு தெரியுமா? 55! பேரன் எடுக்கும் வயதில் பெற்றால் பணம் உண்டு. 17 வயதில் இரத்தசோகையோடு வந்து நிற்பவளுக்குக் கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழக அரசு தரும் 18,000 ரூபாய்க்கும் 19 வயது ஆகியிருக்க வேண்டும். பெண்ணின் திருமண வயதை உயர்த்தப் போராடியவர் அவர். அவர் பெயரை எழுதிய பலகைக்குக் கீழேதான் அந்தச் சிறுமியைத் திருப்பி அனுப்புகிறோம்.

கேட்டால், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கவாம். தாலி ஏறி, கருவும் தங்கிய பிறகு எதைத் தடுக்கிறீர்கள்? அவள் குடிக்க வேண்டிய பாலையா?

தடுத்திருக்க வேண்டிய இடம் மண்டபம். அங்கே ஜாதகம் பார்த்தவர் இருந்தார். பிறந்த நாழிகைவரை அவருக்குத் தெரியும். பத்திரிகை அடித்தவர், சமையல்காரர், தாலி எடுத்துக் கொடுத்த பெரிய மனிதர், முன்வரிசைக் கரைவேட்டிகள் எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் கண்ணுக்கும் அவள் சிறுமியாகத் தெரியவில்லை. மூன்றாவது மாதத்திலிருந்து ‘விசேஷம் ஏதும் இல்லையா?’ என்று விசாரித்தவர்களும் இவர்களே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆதாரை நீட்டியதும்தான் ஊருக்கே அவள் வயது தெரிகிறது.

2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தெளிவாக இருக்கிறது. குழந்தையை மணக்கும் வயதுவந்த ஆணுக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். நடத்தி வைத்தவருக்கும் தண்டனை உண்டு. போய்க் கலந்துகொண்டவரும் தப்ப முடியாது. ஆனால் பெரும்பாலும் அந்தத் திருமணம் தானாகச் செல்லாமல் போகாது. செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி அவளேதான் கோர்ட் படி ஏற வேண்டும், அதுவும் 20 வயது முடிவதற்குள். கைக்குழந்தையோடு!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 23.3 சதவீதம் பேர் 18 ஆகும் முன்பே மணமானவர்கள். முன்னேறிய தமிழகத்தில் 12.8. எட்டில் ஒருத்தி. இத்தனை கல்யாணங்களும் காட்டுக்குள்ளா நடந்தன?

ஆகவே அதிகாரிகளே, கர்ப்பிணியின் தட்டில் சோறு போட வயதுச் சான்று கேட்காதீர்கள். சான்றுதான் வேண்டுமென்றால் மொய் நோட்டைப் பறிமுதல் செய்யுங்கள். குற்றவாளிகளின் பட்டியல் பெயர், ஊர், தொகையோடு அதில் தயாராக இருக்கிறது.