ஆலோசனைக்கா பஞ்சம்?

சரியாச் சொன்னப்பா! பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மனசு விட்டுப் பேச ஒரு ஆலோசகராம், அவருக்கு ஒரு சம்பளமாம். வெட்டிச் செலவு! நம்ம விக்கிரமங்கலத்துல ஆலோசனைக்கா பஞ்சம்? டீக்கடை பெஞ்சுல குந்துனா, கிளாசு ஆறுறதுக்குள்ள ஓசியில ஒம்போது யோசனை வந்து விழுது.

உன் மவன் பன்னெண்டாவது போனதுலேர்ந்து சரியாத் திங்கல, தூங்கலன்னு நீதான சொன்ன? நம்ம சனம் சும்மா விட்டுச்சா? அத்தைக்காரி மந்திரிச்ச கயிறு கட்டுனா. பெரியப்பன் செல்போனப் புடுங்கச் சொன்னான். நீ உன் பங்குக்கு, "ஒன் வயசுல நான் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கிட்டே படிச்சேன்"ன. எத்தனாவது வரைக்கும் படிச்சன்னு நான் அவங்கிட்டச் சொல்லல, பயப்படாத. ஆளாளுக்குப் பேசுனீங்க. அவன் என்ன சொல்ல வந்தான்னுதான் ஒருத்தரும் கேக்கல.

அந்த ஆலோசகருக்கு வேலையே கேக்கறதுதானாம். கேட்டதக் கொண்டாந்து டீக்கடையில கொட்டவும் மாட்டாராம். புள்ள உசுருக்கு ஆபத்துன்னா பெத்தவங்களக் கூப்புடுவாரு. தன்னால ஆகாதுன்னா மனநல டாக்டர்கிட்ட அனுப்புவாரு. இதெல்லாம் நமக்கு ஒத்துவருமா? ஊரே தெரிஞ்சுக்காத ரகசியம் என்ன ரகசியம்!

மார்க்கு வந்தா மனசு தானாச் சரியாயிடும்ங்கிற. நம்ம மாவட்டத்துக் குழுமூர் அனிதா 1200-க்கு 1176 வாங்குன புள்ள. நீட்டால டாக்டர் சீட்டு கிடைக்காம 2017-ல அந்தப் புள்ளையையே பறிகொடுத்தோம். அங்க மட்டும் எனக்குக் கேலி வராதுப்பா. ஆலோசகர் இருந்திருந்தாப் போதும்னு சொல்லவும் மாட்டேன். பரீட்சையோட அநியாயத்துக்கு அவரு என்ன பண்ணுவாரு? ஆனா 2021-ல நீட் எழுதுன புள்ளைங்களுக்கு 104 உதவி எண்ணுலேர்ந்து அரசாங்கமே போன் போட்டுப் பேசுச்சு. பேச ஆள் வேணும்னு அதுக்கே புரிஞ்சிருக்கு, உனக்குத்தான் புரியல.

2025 சூலையில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு: 100 புள்ளைங்களோ அதுக்கு மேலயோ படிக்கிற இடத்துல தகுதியான ஆலோசகர் ஒருத்தராவது இருக்கணும். "எங்க பள்ளிக்கூடத்துக்கு எப்ப வருவாரு?"ன்னு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல எழுந்து கேளு. அந்தக் கூட்டம் எங்க நடக்குதுன்னு தெரியலன்னா மவனக் கேளு, வழி காட்டுவான்.

அதுவரைக்கும் ராத்திரிச் சோத்துக்கு முன்னால மார்க்குப் பேச்சு எடுக்காம இருந்து பாரு. உன்னால முடியாது, எனக்குத் தெரியும். முடியலன்னா 14416 மனநல உதவி எண்ணுக்கு நீயே போன் போடு. ராத்திரி பகல்னு பாக்காம எடுப்பாங்க, காசு கிடையாது. அப்பன்மாருக்கும் சேத்துத்தான் அந்த நம்பரு.