ஜீவகாருண்ய மாமா

மாயவரம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு ஜீவகாருண்ய மாமா உண்டு. ரிட்டயரானவர், சுத்த சைவம், நெற்றி நிறைய திருநீறு. கேக்கில் முட்டை கலந்திருக்குமோ என்று பேரன் பிறந்தநாளுக்கே வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். தைப்பூசத்துக்கு வடலூர் போய், வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையின் அணையா அடுப்பைப் பார்த்துக் கண் கலங்குவார். "வடலூர் போவ வேண்டிய சனமெல்லாம் வண்டலூருக்குப் போவுது. எப்படி வெளங்கும்?" என்பது அவருடைய சொந்தச் சரக்கு.

வண்டலூர் மிருகக்காட்சி சாலை என்றாலே அவருக்கு ஆகாது. அறுநூறு ஹெக்டேர், விசாலமான இடம் என்று சொல்லிப் பாருங்கள். "செயிலு பெருசா இருந்தா செயிலு இல்லேன்னு ஆயிடுமா?" என்பார். கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 2021-இல் கொரோனா வந்து அங்கே சிங்கம் செத்த செய்தி கேட்டு அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அன்றைக்கு உப்புமா என்று அத்தை சொல்கிறாள்.

அதே மாமாவுக்கு, மயூரநாதர் கோயில் யானை அபயாம்பாளுக்குப் பழம் கொடுத்து ஆசீர்வாதம் வாங்காவிட்டால் பொழுது போகாது. யானையைச் சங்கிலியில் கட்டலாமா என்று கேட்டால், "அது அம்பாகிட்ட உத்தியோகம் பாக்குது தம்பி!"

அவருடைய இரக்கம் கிலோமீட்டர் கணக்கில் ஏறுவது. வண்டலூர் சிங்கம் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் அதற்கு முழுசாகக் கிடைக்கிறது. ஊர் எல்லையிலேயே இருக்கும் அவர் வயலின் எலிக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. சம்பா பொதிகட்டும் நேரத்தில் கிட்டிக்காரர் மூங்கில் கிட்டிகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கி வருவார். தஞ்சாவூர்க் கிட்டி என்றால் வெளியூர்களிலும் பேர். பொழுது சாய வயலெங்கும் ஊன்றி வைத்து, விடிந்ததும் எடுப்பார். இரைக்குத் தலையை நீட்டிய எலியின் கழுத்தை வளைத்துக் கட்டிய மூங்கில் நெரித்திருக்கும். எலிக்கு இவ்வளவு என்று கூலி. மாமா வரப்பில் நின்று எண்ணி வாங்கி, "என்னப்பா, நேத்தைக்கு இன்னும் நெறைய இருந்துச்சே" என்று குறைப்படுவார். அந்த வயல் அரிசிதான் ஓர் உயிருக்கும் தீங்கில்லாத அவருடைய சாப்பாடு.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத் தங்கை மகன் வீகனாகி பெங்களூரிலிருந்து வந்தான். டபராவோடு நீட்டிய காபியைத் தள்ளி வைத்தான். "பால்காரர் மாடு போட்ட காளைக்கன்னு எங்க மாமா போச்சு?" மாமா தம்ளரைப் பார்த்தார். தம்ளரிலா இருக்கும்? தயிர், நெய், தேன் எல்லாம் வரிசையாகப் போயின. அத்தையின் கூறைப் பட்டைக் காட்டி, "கூட்டைப் புழுவோட வெந்நீர்ல போட்டு எடுத்த நூலு" என்றான். "உங்கம்மா கல்யாணத்துக்கும் இதாண்டா கட்டுனா" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

"இப்படியே பாத்தா மனுசன் எதத்தான் திங்கிறது?" என்றார் மாமா. கறி தின்னும் எதிர்வீட்டுக்காரர் காலமெல்லாம் அவரைக் கேட்கும் அதே கேள்வி.

"சோறு போதும் மாமா. அதுல ஒரு பாவமும் இல்ல" என்று பையன் மூன்றாம் தடவை போட்டுக்கொண்டான்.

இதற்கிடையில் 2024 ஏப்ரல் 2-ஆம் தேதி ராத்திரி, தேர்தல் கூச்சலுக்கு நடுவே, மாயவரத்திலேயே, கூறைநாடு செம்மங்குளம் பக்கம் சிறுத்தை ஒன்று நடமாடியது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். வனத்துறை கேமரா, கூண்டு, ட்ரோன் என்று இறங்கியது. மாமா சாயங்காலம் ஐந்து மணிக்கே கதவைச் சாத்தி, தாழ்ப்பாளுக்குப் பின்னால் ஆட்டுக்கல்லையும் உருட்டி வைத்தார். உள்ளேயிருந்து போன் மேல் போன்.

"கூண்டு பத்தாதுப்பா, நெறைய வைக்கச் சொல்லு! புடிச்சு வண்டலூருக்கு அனுப்ப வேண்டியதுதானே? அறுநூறு ஹெக்டேர் எதுக்கு இருக்கு?"

சிறுத்தைக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை போலும். குத்தாலம் பக்கம் போனது. பிறகு அரியலூர் மாவட்டம் செந்துறையில் பார்த்ததாகச் செய்தி வந்தது. மாமா கதவைத் திறந்தார்.

"செந்துறைன்னா எங்க இருக்கு?"

"கும்மோணம், செயங்கொண்டம் எல்லாம் தாண்டிப் போவணும் மாமா."

"அவ்ளோ தூரமா?" மாமா நிம்மதியாகத் திண்ணையில் சாய்ந்தார். "அங்க ஏதும் கூண்டு கீண்டு வெச்சுடப் போறானுவ. பாவம், வாயில்லா சீவன்."