வீடு முழுக்க ஒரே சூடு: விறகடுப்புக்காரருக்குச் சில யோசனைகள்

முதலில் ஐந்து வெப்பமானிகள் வாங்குங்கள். அடுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெப்பமானி இல்லாத வீட்டில் குளிர் மட்டும்தான் இருக்கும். வெப்பமானி வந்த பிறகுதான் குளிரோடு மனஸ்தாபமும் வரும். நோர்வேயில் எங்கள் பழைய மரவீட்டின் ஜனவரி இரவு நிலவரம் இது: அடுப்பிருக்கும் ஹோலில் 29 பாகை. மாடிப்படி உச்சியில் 27. குசினியில் 18. வடக்குப் பக்கத்துப் படுக்கையறையில் 12. கழிப்பறையில் எவ்வளவு என்று நின்று வாசிக்கும் அளவுக்கு அங்கே யாரும் தங்குவதில்லை.

அடுத்தது விறகு. பேர்ச் மரம் நல்லது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடு அந்தத் தண்ணீரைக் காய்ச்சவே போய்விடும். காய்ந்ததா என்று அறிய இந்த ஊரில் ஒரு சோதனை உண்டு. கட்டையின் ஒரு முனையில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவத்தைப் பூசி, மறுமுனையில் வாய் வைத்து ஊதவேண்டும். காய்ந்த பேர்ச் என்றால் நுரை கிளம்பும். நான் கண் பிதுங்க ஊதியும் ஒரு குமிழிகூட வரவில்லை. அறுபது வருடம் ஊதுகுழல் பிடித்த அம்மம்மா கட்டையை வாங்கி ஊதினார். மூன்று குமிழி வந்தது. சோதனை விறகுக்கா, நுரையீரலுக்கா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுக்குவதைப் பற்றி மட்டும் யாரிடமும் அபிப்பிராயம் கேட்டுவிடாதீர்கள். லார்ஸ் மிட்டிங் என்ற எழுத்தாளர் 2011இல் விறகைப் பற்றி ஒரு புத்தகம் எழுத, அது இங்கே சக்கைபோடு போட்டது. அந்தச் சூட்டோடு 2013 பெப்ரவரியில் அரசுத் தொலைக்காட்சி என்ஆர்கே 12 மணி நேரம் விறகு நிகழ்ச்சி நடத்தியது. அதில் 8 மணி நேரம் ஓர் அடுப்பு எரிவதை மட்டும் காட்டினார்கள். பார்த்தவர்கள் முறைப்பாடும் அனுப்பினார்கள். சலிப்பாக இருக்கிறது என்றல்ல. பட்டை மேலே பார்க்க அடுக்கியது பிழை என்று பாதிப் பேர். கீழே பார்க்க அடுக்கியது பிழை என்று மீதிப் பேர்.

மூட்டும்போது பெரிய கட்டைகளை அடியில் போட்டு, சுள்ளியை மேலே வைத்து, உச்சியில் நெருப்பு வையுங்கள். கீழிருந்து கிளம்பும் புகை மேலேயுள்ள சுவாலைக்குள்ளால் போகையில் அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். இந்த விஞ்ஞானத்தை விளக்கி முடித்தபோது அம்மம்மா சொன்னது: “தலைமாட்டில கொள்ளி வைக்கிறது செத்தவீட்டிலதான், தம்பி.”

இனித்தான் உண்மையான சிக்கல். அடுப்பின் சூடு உங்கள் அறைகளைத் தேடி வராது. மாடிப்படியைத்தான் தேடிப் போகும். உடனே அடுப்புக்குப் பின்னால் மின்விசிறியை வைத்து, சூட்டைக் குளிர் அறைக்குத் துரத்தத் தோன்றும். நானும் ஒரு மாரி முழுக்கத் துரத்தினேன். பலனில்லை. செய்யவேண்டியது நேர்மாறு. குளிர்காற்றுக்குக் கனம் அதிகம், அது தரையோடு கிடக்கும். சின்ன மின்விசிறியைக் குளிர் அறை வாசலில், நிலத்தில், அடுப்பைப் பார்க்க வைத்து மெதுவாக ஓடவிடுங்கள். குளிர் ஹோலுக்கு வர, அது விட்ட இடத்தை நிரப்பச் சூடு கூரையோரமாக அறைக்குள் போகும். நம்பாவிட்டால் கதவுநிலையின் மேலே ஒரு கடதாசி நாடாவையும் கீழே ஒன்றையும் ஒட்டிப் பாருங்கள். மேல்நாடா அறைக்குள் சாயும், கீழ்நாடா ஹோலுக்குள் சாயும். இது நிசமாகவே வேலைசெய்யும். வடக்கு அறை 16க்கு ஏறியது.

ஏறி அரை மணி நேரம் இருந்தது. அந்தக் குளிர்காற்றின் பாதையில், அடுப்போரக் கதிரையில், அம்மம்மாவின் கால்கள் இருந்தன. மார்கழி கழிந்த குளிரில் வீட்டுக்குள் விசிறி போட்டவன் என்று யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே அவர் அதை நிறுத்திவிட்டார்.

மனம் பொறுக்காமல், வடக்கு அறையில் 12 பாகைதான் என்று பக்கத்து வீட்டு நோர்வேக்காரரிடம் முறையிட்டேன். அவர் என்னைப் பொறாமையோடு பார்த்தார். படுக்கையறை என்றால் அப்படித்தானாம். அவர் பனி கொட்டும்போதும் சன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துத்தான் படுப்பாராம்.

கடைசியாக, இரவு. நெருப்பு விடியும்வரை தாங்கட்டும் என்று காற்றுவழியை இறுக்கி மூடாதீர்கள். மூச்சுத் திணறும் நெருப்பு புகைபோக்கியின் உட்புறத்தில் தாரைப் பூசும். அந்தத் தார் ஒருநாள் பற்றிக்கொள்ளும். ஆகவே இரண்டு மணிக்கு எழுந்து விறகு போடுவது என்று வீட்டில் முறை வையுங்கள். எங்கள் வீட்டிலும் முறை உண்டு. எல்லோரும் நித்திரையாகிவிடுவோம்.

பிறகு விடிய ஐந்து மணிக்கு, காலுறை போட்டுக்கொண்டு, வெப்பமானிகளைப் பார்த்து வாருங்கள். ஹோலில் 12. மாடிப்படியில் 12. குசினியில் 12. வடக்கு அறையில் 12. கழிப்பறையிலும் இன்று தாராளமாக நின்று வாசிக்கலாம்: 12. ஐந்தையும் உடனே படம் எடுத்துவிடுங்கள். அம்மம்மா எழும்பினால் முதல் வேலையாக அடுப்பை மூட்டி எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார், அதுவும் அடியிலிருந்து.